இரவல் வாய்

தலைவர்கள் பிறப்பதில்லை, உருவாக்கப்படுகிறார்கள். இந்த மாபெரும் உண்மையைக் கண்டடைய மனித குலத்துக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் தேவைப்பட்டன. உருவாக்குவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை மட்டும் அறக்கட்டளை சமீபத்தில்தான் கண்டுபிடித்திருந்தது: மூன்று நாள், காலை பத்து முதல் மாலை நான்கு வரை, நடுவில் இரண்டு தேநீர்.

முதல் நாள் காலை, உருவாகப் போகிற தலைவர் கூடத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணி, என் சாக்ஸ் ஒண்ணைக் காணோம்."

"ஒண்ணு கால்ல இருக்கு. இன்னொண்ணு உங்க கையில இருக்கு தம்பி." அண்ணி அவருடைய சட்டைக்குக் கடைசி மடிப்பு தேய்த்து இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிறகு, காலையிலிருந்து நாக்கு நுனியில் வைத்திருந்ததைச் சொன்னாள். "போனை மட்டும் குடுத்துட்டுப் போங்க."

கொழுந்தனார் தூக்கிய காலைக் கீழே வைத்தார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவர் மனைவி, அண்ணியின் ஓரகத்தி, காது கொடுத்துக் கேட்கிறாள் என்று அதற்கு அர்த்தம்.

"தலைவரோட நம்பர் தலைவர்கிட்டதான் இருக்கணும். அறக்கட்டளை எந்த நேரமும் கூப்பிடும்."

"வார்டுலேருந்தும் கூப்பிடுவாங்களே."

"கூப்பிட்டா நான் பேச மாட்டேனா?"

"அவங்க பேசறது உங்களுக்குப் புரியாதே தம்பி."

"பாஷை புரியலைன்னா என்ன? உணர்வு புரியும்."

அவர் கிளம்பிப் போனார். போனும் அவர் சட்டைப் பையில் போயிற்று. பையின் மடிப்புக் கலையாமல் அதை வைத்தது அண்ணிதான்.

அந்தப் போன் எப்படி அந்தப் பைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஒரு சிறு வரலாறு உண்டு.

அண்ணி பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவள். கட்டில் விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். மறுநுனியைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றவர்கள் எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள்: செங்கல் சூளைக்காரர்கள் வீட்டுப் பெண்கள், படகுக் குடும்பத்துப் பெண்கள், நூற்பாலைக்கு வந்த மலைக்காரப் பெண்கள். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு. பேசாமல் மடித்தால் பைத்தியம் பிடித்துவிடும். எதிர்நுனியில் எந்த மொழி நின்றதோ அதை அண்ணி கற்றுக்கொண்டாள். ஐந்து மொழி ஆயிற்று. பள்ளிக்கூடம் அவளுக்குக் கற்றுக்கொடுத்த வகுப்புகளும் ஐந்துதான்.

ஒரு நாள் பிரசவ வார்டில் ஒரு பெண் கத்துகிறாள், என்ன சொல்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. யாரோ சலவைக்கூடத்துக்கு ஓடி வந்தார்கள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போன அண்ணி அன்றிலிருந்து போய்க்கொண்டே இருந்தாள். வார்டு ஆயா அவளுக்கு ஒரு பேரும் வைத்தாள்: இரவல் வாய். "வழி விடுங்க, இரவல் வாய் வந்தாச்சு" என்றால் டாக்டரே நகர்ந்து நிற்பார். சலவை வேலை வெளிக் கம்பெனிக்குப் போய்விட்ட பிறகும், கையில் கிடைத்த கடைசிப் பணத்தில் ஒரு போன் வாங்கி, அந்தந்த மொழிக்காரர்களைக் கொண்டு எண்ணை ஐந்து எழுத்திலும் எழுதவைத்து வார்டுச் சுவரில் ஒட்டினாள். சூளையிலும் படகுத்துறையிலும் பெண்கள் அந்த எண்ணைச் சீட்டில் எழுதி முந்தானையில் முடிந்துகொண்டார்கள். வீட்டில் இஸ்திரி போட்டுப் பிழைத்துக்கொண்டு, கூப்பிட்ட போதெல்லாம் போய்ப் பேசினாள். இதற்கு ஒரு பெயர் உண்டென்று அவளுக்குத் தெரியாது.

பெயர் வைத்தவர் கொழுந்தனார். செத்துப்போன அண்ணனின் தம்பி. பி.ஏ. முடித்துவிட்டு, அந்தப் பட்டம் எதற்காவது உதவுமா என்று இருபத்திரண்டு வருஷமாக எடைமேடையில் லாரி எடை எழுதிக்கொண்டே காத்திருந்தவர். பலவகைச் சமூகங்களுக்கு உழைக்கும் சிறு அமைப்புகளுக்கு மானியமும் தலைமைப் பயிற்சியும் தரப்படும் என்ற விளம்பரத்தைப் பார்த்த அன்று காத்திருப்பு முடிந்தது. 'பன்மொழி நோயாளர் துணை மன்றம்' ஒரே மாலையில் பிறந்தது. விண்ணப்பத்தை அண்ணியை எதிரே உட்கார வைத்துத்தான் நிரப்பினார். அவள் சொல்வதைக் கேட்பதற்காக அல்ல. விளக்கைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது.

"எத்தனை சமூகத்துக்குச் சேவை செய்றோம் அண்ணி?"

"அஞ்சு."

"அஞ்சா? அஞ்சுன்னா எவன் மதிப்பான்?" பதினேழு என்று எழுதினார்.

"மிச்சம் பன்னண்டு யாரு தம்பி?"

"வருவாங்க. மானியம் வந்துச்சுன்னா எல்லாரும் வருவாங்க."

தலைவர் பெயர் என்ற இடம் வந்தபோது அண்ணி விளக்கைச் சற்றுக் கிட்டே கொண்டுவந்தாள். சமையலறையிலிருந்து ஓரகத்தியின் குரல் வந்தது. "முதல் முதலா ஒரு காரியம் எழுதறோம். புருஷன் போனவங்க பேரைத் தலையில எழுதினா விளங்குமா? அக்கா தப்பா நெனைக்க மாட்டாங்க. என்னக்கா?"

அக்கா எதையும் தப்பாக நினைக்கக் கூடாது என்பது அந்த வீட்டின் ஏற்பாடு. புருஷன் போன ஒன்பது வருஷமாக அவள் சமையலறையில் படுத்துக்கொண்டு, எதையும் தப்பாக நினைக்காமல் இருந்துவருகிறாள்.

"அது மட்டுமில்ல," என்றார் கொழுந்தனார் மென்மையாக. "வீட்ல ஆம்பளை இருக்கறப்போ உங்க பேர்ல கடுதாசி வந்தா நாலு பேர் என்ன சொல்வாங்க? உங்களுக்குத்தான் அசிங்கம்."

தலைவர் பெயரில் தம் பெயரை எழுதினார். தலைவரின் போன் எண் என்ற இடத்தில் சுவரில் ஒட்டிய எண்ணை எழுதினார். மன்றத்துக்கு வேறு எண் இல்லை. பயனாளிகள் பத்துப் பேரின் பெயர் கேட்டிருந்தார்கள். அவருக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான். முதல் பயனாளியாக அண்ணியை எழுதினார். மற்ற ஒன்பதை அண்ணி சொன்னாள்.

பயிற்சியின் முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. தலைவர் கழுத்தில் பட்டையோடு திரும்பி வந்தார். தவறிய அழைப்பு ஒன்றே ஒன்று, அறக்கட்டளையிலிருந்து. பயிற்சிக்கு வந்துவிட்டாரா என்று விசாரிக்க, பயிற்சியில் இருந்த அவரையே கூப்பிட்டிருந்தார்கள்.

"நீங்க எடுக்கலையா?"

"எப்படி எடுக்கறது? உள்ள போனதும் எல்லார் போனையும் அணைக்காம, சத்தத்தை மட்டும் ஊமையாக்கிக் கூடையில போட்டுடணும். நம்பிக்கைக் கூடைன்னு பேரு. இந்த மூணு நாளுக்கும் தலைப்பே 'ஆழ்ந்து கேட்கும் தலைமை'தான் அண்ணி. போன் இருந்தா எப்படிக் கேக்க முடியும்?"

இரண்டாம் நாள் சாயங்காலம் கூடையிலிருந்து திரும்பிய போனில் சூளை மேஸ்திரியின் எண் இரண்டு முறை தவறியிருந்தது. அண்ணி உடனே திருப்பிக் கூப்பிட்டாள். மேஸ்திரி போனைச் சூளைக்காரப் பெண்ணிடம் கொடுத்தான். அவளுக்கு மாதம் நிறைந்திருந்தது. அண்ணிதான் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டியவள். வலி வந்து வந்து போகிறதாம். ஆனால் அவள் கூப்பிட்டது வலிக்காக இல்லை. முதல் பிரசவத்தில் ஏதோ ஒரு ஊரில் முதுகில் ஒரு ஊசி போட்டபோது உடம்பெல்லாம் வீங்கித் தொண்டை அடைத்துச் செத்துப் பிழைத்தாளாம். அன்று யாரோ எழுதிக் கொடுத்த சீட்டு சூளை மழையில் நனைந்து போய்விட்டதாம். இத்தனை நாள் இதைச் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறாள். வியாதிக்காரி என்று மேஸ்திரி வேலையை விட்டு நிறுத்திவிடுவானென்று பயம்.

"அவங்ககிட்ட நீ சொல்லுவே இல்ல அக்கா? எனக்கு அந்தப் பாஷை வராது."

"வலி பிடிச்சதும் கூப்பிடு. நான் வந்து சொல்றேன்."

இந்தப் பேச்சு முழுவதும் சூளைக்காரர்கள் மொழியில் நடந்ததால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொழுந்தனாருக்கு உணர்வு மட்டும் புரிந்திருக்கும். அவர் அவசரமாக இருந்தார்.

"முடிஞ்சுதா? போனைக் குடுங்க. டைமர் வைக்கணும். எனக்கு வீட்டுப்பாடம் இருக்கு. நீங்க ரெண்டு நிமிஷம் பேசணும், நான் குறுக்க பேசாமக் கேக்கணும். அப்புறம் நீங்க சொன்னதை நான் திருப்பிச் சொல்லணும். ம், ஆரம்பிங்க."

அண்ணிக்கு அதைவிட என்ன வேண்டும்? புகுந்த வீட்டில் அவளுக்கு இரண்டு முழு நிமிஷம் கிடைப்பது அதுதான் முதல் முறை. எதிரே உட்கார்ந்து, சூளைக்காரப் பெண்ணைச் சொன்னாள், ஊசியைச் சொன்னாள், வலி எப்போது வேண்டுமானாலும் பிடிக்கும் என்று சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்களா, பாலத்தடி ஆஸ்பத்திரிக்கா என்பது மேஸ்திரியின் வண்டி போகிற போக்கைப் பொறுத்தது. போன் வந்தால்தான் தெரியும். ஆகவே நாளை ஒரு நாள் மட்டும் போனைத் தன்னிடம் விட்டுப் போக வேண்டும் என்று சொன்னாள். கொழுந்தனார் கண்ணை மூடிக்கொண்டு, பயிற்சியில் சொன்னபடி, நாலு தடவைக்கு ஒரு தடவை தலையை ஆட்டினார். மணி அடித்தது.

"நீங்க சொன்னதுலேருந்து நான் கேட்டது என்னன்னா," என்றார் கண்ணைத் திறந்து, "நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க அண்ணி."

"நான் போனைக் கேட்டேன் தம்பி."

"அது மேல தெரியற வார்த்தை. அடியில இருக்கறது களைப்பு." குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "நாளைக்கு நிறைவு நாள். பயனாளிகள் வரணும்னு சொல்லியிருக்காங்க. நீங்கதான் லிஸ்ட்ல முதல் ஆள். வரலைன்னா மானியத்துக்கு மார்க் போயிடும். மூணு வருஷத்துக்கு ரெண்டு பேருக்குச் சம்பளம் அண்ணி! அப்புறம் நீங்க ஓடவே வேண்டாம்."

அண்ணி யோசித்தாள். போன் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தில் தானும் இருப்பதுதான் புத்தி என்று அவளுக்குப் பட்டது. சரியென்றாள்.

மறுநாள் காலை ஏழரைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸிடம் ஊசி விஷயத்தைச் சொன்னாள். இரவு வேலை முடிந்து நர்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். "வராத ஆளுக்கு எந்தச் சீட்டுல எழுதறது அக்கா? அட்மிஷன் சீட்டே போடலையே. வந்தா பகல் டியூட்டிக்காரங்க கூப்பிடுவாங்க. அதான் நம்பர் செவுத்துல இருக்கே." பாலத்தடி ஆஸ்பத்திரியிலும் அதே பதில், நர்ஸ் மட்டும் வேறு.

அறக்கட்டளையின் மண்டபம் குளிராக இருந்தது. வாசலில் ஒரு தொண்டர் பெண் அண்ணியின் சேலையில் மஞ்சள் அட்டையைக் குத்தினாள். 'பயனாளி' என்று இருந்தது. தலைவர்களுக்கு நீல அட்டை. மேடையில் பெரிய கடிகாரம். அதன் கீழே மேஜை. மேஜைமேல் நம்பிக்கைக் கூடை. பதினான்கு தலைவர்கள், பதினான்கு போன்கள்.

"அம்மாடி, அந்தக் கூடையில எங்க போன் ஒண்ணு இருக்கு. அதை மட்டும் நான் கையில வெச்சுக்கறேன்."

"அது தலைவர்களோடதும்மா. பயனாளிகள் போன் வெச்சுக்கலாம், தப்பில்ல. உங்க போன் எங்க?"

"அதுதான் என் போன்."

தொண்டர் பெண் மஞ்சள் அட்டையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கெட்டவள் இல்லை, சிரிக்கச் சொல்லிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அண்ணியைக் கடைசி வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

அறக்கட்டளைத் தலைவியம்மா பேசினார். கடவுள் நமக்கு ஒரு வாயும் இரண்டு காதும் தந்திருப்பதன் காரணத்தை விளக்கினார். விளக்கம் நாற்பது நிமிஷம் ஓடியது. குரலற்றவர்களின் குரலைக் கேட்க நாம் முதலில் மௌனமாக வேண்டும் என்றார். எல்லோரும் மௌனமானார்கள். அண்ணிக்கு மட்டும் உட்கார முடியவில்லை. மணி பதினொன்று தாண்டியிருந்தது. எழுந்து ஓரமாகவே நடந்து மேடைப் படி வரை போனாள். நீல அட்டைகள் கண்ணை மூடி வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"தம்பி," என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "தம்பி, ஒரே ஒரு தடவை எடுத்துப் பாருங்க."

கொழுந்தனாரின் இமை துடித்தது. கேட்டது என்று அதற்கு அர்த்தம். ஆழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறக்கவில்லை. தொண்டர் பெண் வந்து அண்ணியின் முழங்கையைப் பிடித்தாள். "உங்க பகிர்வு சாப்பாட்டுக்கு அப்புறம்தாம்மா. அதுவரைக்கும் உக்காருங்க, ப்ளீஸ்."

பிறகு சான்றிதழ் கொடுத்தார்கள். பதினான்கு பேரையும் கூடையைச் சுற்றி நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு இரண்டாவது தேநீர். பன்னிரண்டரைக்குக் கூடை திறந்தது.

ஏழு தவறிய அழைப்புகள். ஏழும் பெரிய ஆஸ்பத்திரி வார்டு எண். அண்ணிக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். எண் நன்றாக வரும். பத்து ஐம்பத்தெட்டு. பதினொன்று மூன்று. பதினொன்று பன்னிரண்டு. பதினொன்று இருபது. அதற்குப் பிறகு மூன்று. அவற்றில் கடைசி, பதினொன்று நாற்பத்தொன்று. அவள் போனை அவர் கையிலேயே திணித்துவிட்டு ஓடினாள்.

வார்டு வாசலில் ஆயா தரையில் உட்கார்ந்திருந்தாள். "எங்கடி போச்சு உன் இரவல் வாய் இன்னிக்கு?" என்று ஆரம்பித்தவள், அண்ணியின் மார்பில் குத்தியிருந்த மஞ்சள் அட்டையைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"குழந்தை பொண்ணு," என்றாள் பிறகு. "நல்லா இருக்கு."

"அவ?"

ஆயா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "வயித்துல பிள்ளைக்கு மூச்சுத் திணறுது, உடனே அறுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. முதுகுல ஊசி போடணும். இவ முதுகைக் காட்ட மாட்டேங்கறா. முதுகைத் தொட்டுத் தொட்டு என்னமோ சொல்றா. நாங்க உன் நம்பருக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தோம். ஊசிக்குப் பயப்படுதுன்னு நெனச்சோம்டி. எத்தனை பேர் பயப்படறாங்க. நான்தான் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டேன்." அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்ன சொல்லை ஆயா தன் வாயில் வந்தபடி சொல்லிக் காட்டினாள். மூன்று முறை சொன்னாள். "வேணாம்னுதானே அதுக்கு அர்த்தம்?"

"வேணாம்னு இல்ல," என்றாள் அண்ணி. "வீங்கிடும்னு அர்த்தம்."

ஆயா தன் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துச் சுருட்டிக்கொண்டாள்.

மூன்று மணிக்குச் சூளையிலிருந்து அந்தப் பெண்ணின் புருஷன் வந்தான். உடம்பெல்லாம் செம்மண். டாக்டர் அவனிடம் ஏதோ சொன்னார். அவன் டாக்டரைப் பார்த்தான், நர்ஸைப் பார்த்தான், கடைசியில் எல்லோரும் பார்க்கிற இடத்தைத் தானும் பார்த்தான். அங்கே அண்ணி நின்றாள். மற்றதெல்லாம் சொல்லாமல் போய்விட்டது. இதைச் சொல்ல மட்டும் இரவல் வாய் தேவைப்பட்டது. சொன்னாள். அவன் மொழியில் அந்தச் சொல் மிகச் சின்னது.

வீட்டில் கொழுந்தனார் உண்மையாகவே வருத்தப்பட்டார். அன்று ஒரு வேளை சாப்பிடவில்லை. "விதி அண்ணி" என்றார். மறுநாள் சாப்பிட்டார். அதற்கு மறுநாள் அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது: இறுதிச் சுற்றுக்கு ஒவ்வொரு தலைவரும் தம் அமைப்பைப் பாதித்த ஒரு நிகழ்ச்சியைக் 'கற்றல் கதை'யாக எழுதி அனுப்ப வேண்டும்.

பக்கத்து அறையில் அவர் எழுதி எழுதி வாய்விட்டுப் படிப்பது அண்ணிக்குக் கேட்டது. "போதிய மொழிபெயர்ப்பாளர்கள் இல்லாத காரணத்தால் ஒரு இளம் தாயை நாங்கள் இழந்தோம். அன்று நான் ஒரு முடிவு எடுத்தேன்..." ஓரகத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "படிக்கறப்பவே அழுகை வருதுங்க. இதுக்கே குடுத்துடுவாங்க."

கொடுக்கத்தான் முடிவு செய்தார்கள். கதை படித்த நடுவர்களில் இரண்டு பேர் கண் கலங்கியதாகத் தகவல் வந்தது. இடத்தை நேரில் வந்து பார்ப்பது மட்டும் பாக்கி.

அண்ணி யாரோடும் சண்டை போடவில்லை. இஸ்திரிப் பெட்டியை விற்றாள். ஒரு பழைய போன் வாங்கினாள். வார்டுச் சுவருக்கும் பாலத்தடிச் சுவருக்கும் போய்ப் பழைய எண்ணைக் கறுப்பு மையால் அடித்து மேலே புதிய எண்ணை எழுதினாள். சூளைக்கும் படகுத்துறைக்கும் நடந்தே போய் முந்தானை முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சீட்டு மாற்றிக் கொடுத்தாள். எட்டு நாள் ஆயிற்று.

"இஸ்திரிப் பெட்டிய வித்துட்டா இவரு சட்டைக்கு யாருக்கா இஸ்திரி போடறது?" என்றாள் ஓரகத்தி.

"தலைவருக்குச் சட்டை எதுக்கு?" என்றாள் அண்ணி. அந்த வீட்டில் அவள் சொன்ன முதல் கேலி அது. ஓரகத்திக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல், பாலைப் பொங்கவிட்டாள்.

நேரில் பார்க்க வருகிற நாளுக்காகக் கூடத்தில் சான்றிதழ்ப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். தினமும் கண்ணாடியைத் துடைக்கிற வேலை அண்ணிக்கு. அவள் துடைப்பாள். நடுவில் நிற்கிற பதினான்கு முகங்களை ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு, அதற்குக் கீழே ஒரு இடத்தில் மட்டும் வெகுநேரம் நிற்பாள். அழுக்கு என்று ஓரகத்தி நினைத்துக்கொண்டாள்.

திட்ட அலுவலரம்மா வந்தார். நடுவயது, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. உட்காரச் சொல்லும் முன்பே மன்றத்தின் அலுவலகம் எது என்று கேட்டார்.

"இதேதாங்க," என்றார் கொழுந்தனார். கசங்கிய சட்டை அவருக்குப் பேச்சில் கொஞ்சம் தடங்கலை உண்டாக்கியிருந்தது. "எளிமைதான் நம்ம பலம்."

அண்ணி தேநீர்த் தட்டோடு வந்தாள். அலுவலரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களும் மன்றத்துல இருக்கீங்களாம்மா? என்ன செய்றீங்க?"

அண்ணி வாயைத் திறந்தாள்.

"எங்க அண்ணி," என்று கொழுந்தனார் முந்திக்கொண்டார். "அண்ணன் போனதுலேருந்து எங்ககூடதான். நம்ம முதல் பயனாளி. ரொம்பக் கூச்ச சுபாவம். வெளியாளுங்ககிட்டப் பேசவே மாட்டாங்க."

"ஆமாமா," என்றாள் ஓரகத்தி. "பேசவே வராது."

அப்போது சமையலறையில் போன் அடித்தது. அண்ணி தட்டைக் கீழே வைத்தாள். போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்கே திரும்பி வந்து, அலுவலரம்மாவுக்கு நேரே நின்றுகொண்டு பேசினாள். மலைக்காரர்கள் மொழியில் கேட்டாள். தமிழில் யாரையோ அதட்டினாள். மறுபடி மலைக்காரர்கள் மொழியில், தண்ணீர் ஊற்றுவது போல, ஒரு பயந்த பெண்ணுக்குத் தைரியம் சொன்னாள். "அவ கையெழுத்துப் போடக் கூடாது, நான் வர்ற வரைக்கும் சீட்டை மேஜை மேலயே வைங்க" என்று தமிழில் முடித்தாள். கூடத்தில் மற்ற மூன்று பேரும் ஆழ்ந்து கேட்டார்கள். அதற்கு எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை.

அலுவலரம்மா கோப்பிலிருந்து கற்றல் கதையை எடுத்தார். மெதுவாகக் கேட்டார். "அன்னிக்கு அந்தத் தாய்க்குப் பேசறதுக்கு ஆள் இல்லைன்னு எழுதியிருக்கே. நீங்க எங்க இருந்தீங்க?"

"ஆள் இருந்துச்சும்மா," என்றாள் அண்ணி. "பதினொண்ணு இருபதுக்கு நாலாவது தடவை கூப்பிட்டாங்க. அதுக்கப்புறமும் அவ இருபது நிமிஷத்துக்கு மேல உயிரோட இருந்தா."

"அண்ணி, உள்ள போங்க," என்றார் கொழுந்தனார்.

மூன்று வருஷச் சம்பளம், இரண்டு ஆள். அண்ணிக்குத் தெரியாமல் இல்லை. ஒரு கணம் அவள் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செருப்பை மாட்டினாள்.

"வார்டுல காத்துக்கிட்டு இருக்காங்க, நான் போகணும். நீங்க தேநீர் குடிச்சதும் அந்தப் படத்தைக் கொஞ்சம் பாருங்கம்மா. ஆளுங்களை வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்க. அப்புறம் கூடையைப் பாருங்க."

அவள் தெருவில் இறங்கிப் போய்விட்டாள். கொழுந்தனார் தேநீர் ஆறிவிடும் என்று இரண்டு முறை சொன்னார். அலுவலரம்மா எழுந்து போய், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, படத்தின் எதிரே நின்றார்.

கடிகாரத்தில் மணி பதினொன்று இருபது. கூடையில் பதினான்கு போன்கள் இருந்தன. பதின்மூன்றின் திரைகள் அணைந்திருந்தன.